அனிதா முய்யோட கடைசி கான்சர்ட் டிவிடி, வாங்கலாமா?

ஜாக்கி சான் படம் பாத்தவங்க இந்தம்மாவ கண்டிப்பா பாத்திருப்பீங்க. ட்ரங்கன் மாஸ்டர் ரெண்டாவது பார்ட்ல ஜாக்கிக்கு சித்தியா வந்து, புருஷனுக்குத் தெரியாம மாஜாங் (காசு வெச்சு ஆடற சீனக் கட்டை விளையாட்டு) ஆடிட்டு, அவர் வந்ததும் பச்சப்புள்ள மாதிரி மூஞ்சிய வெச்சுக்குவாங்களே, அவங்கதான். நிஜத்துல ஜாக்கிய விட ஒன்பது வயசு சின்னவங்க! இவங்க அடிப்படையில ஹாங்காங் பாடகிங்கறதே எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரியும், அப்புறம் தேடித்தேடி கேட்டு, கடைசியில இந்த 2003 கிளாசிக் மொமன்ட் லைவ் டிவிடிய வாங்கிட்டேன்.

மொதல்லயே சொல்லிடறேன், குரல கேக்கணும்னா இத வாங்காதீங்க. அந்த அடித்தொண்டை கனமான குரல் முழு வேகத்துல வேணும்னா 85ல வந்த பேட் கேர்ள் ஆல்பம் இருக்கு. இதுல சில எடத்துல மூச்சு வாங்குது, மேல போக வேண்டிய வரிய பாதியிலயே எறக்கிடறாங்க. ஏன்னா அப்ப அவங்களுக்கு கருப்பைவாய் புற்றுநோய், செப்டம்பர்லதான் வெளிய சொல்லியிருந்தாங்க, அதே நோய்ல அக்கா 2000லயே போயிட்டாங்க. சின்ன வயசுல கேளிக்கை பூங்காவுல ரெண்டு பேரும் சேர்ந்து பாடி குடும்பத்துக்கு சம்பாதிச்சவங்க. அந்த நெலமையில ஹாங்காங் கொலீசியம்ங்கற பெரிய உள்ளரங்கத்துல எட்டு நைட் ஷோ, அதுவும் நாலு பக்கமும் ஆளு உக்காந்திருக்கற மேடை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒளிஞ்சுக்க எடமே கெடையாது.

டிரெஸ் பத்தி சொல்லாம விட முடியாது. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு வேஷம்னு பேர் எடுத்தவங்க, அதுக்கெல்லாம் பின்னாடி இருந்த டிசைனர் எடி லாவ், கடைசியா போடற வெள்ளைக் கல்யாண கவுனும் அவர் செஞ்சதுதான். கல்யாணமே பண்ணிக்காதவங்க. மேடையத்தான் கட்டிக்கிட்டேங்கற மாதிரி பேசிட்டு, சூரியன் சாயறத பத்தின பாட்ட பாடி முடிச்சு, படிக்கட்டுல ஏறுறாங்க. பின்னாடி அந்த நீள வால் படிப்படியா இழுபட்டு வருது. மேல போய் திரும்பி நின்னு பை பைங்கறாங்க, கதவு மூடிடுது. நவம்பர் 15 கடைசி ஷோ, டிசம்பர் 30 இறந்துட்டாங்க, வயசு 40. நான் அந்தப் படிக்கட்ட மட்டும் நாலஞ்சு தடவ ரீவைண்ட் பண்ணி பாத்துட்டேன், ஒரு தடவயாவது கைப்பிடிய பிடிக்கறாங்களான்னு பாக்கத்தான் ஆரம்பிச்சேன், அப்புறம் அத மறந்தே போயிட்டேன்.

நடிப்பு பக்கம் ஆர்வம்னா ரூஜ் படம் தனியா பாருங்க, ஐம்பது வருஷம் கழிச்சு காதலனத் தேடி வர்ற பேய். அவ்ளோ அமைதியா ஒரு பேய நான் பாத்ததில்ல, தைவான்லயும் ஹாங்காங்லயும் சிறந்த நடிகை அவார்டு வாங்கிக் குடுத்த படம்.

குறைன்னு பாத்தா, எனக்கு வந்த டிஸ்க்ல இங்கிலீஷ் சப்டைட்டில் இல்ல. நடுவுல அவங்க நெறைய பேசறாங்க, ஆடியன்ஸ் விழுந்து விழுந்து சிரிக்குது, நாம பேந்தப் பேந்த முழிக்கணும். பேச்சுல என்ன இருக்குன்னு தேடித்தான் படிச்சேன். படம் அந்தக் காலத்து டிவி குவாலிட்டிதான், பெரிய ஸ்க்ரீன்ல போட்டா செவப்பு லைட் வர்ற எடமெல்லாம் கசியுது.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். டிவிடி டப்பா ரெண்டா ஒடஞ்சு வந்துச்சு, வித்தவர் பதிலே போடல. டிஸ்க்ல கீறல் இல்லாததால திருப்பி அனுப்பல.