1970 செவெல் 350: எச்.இ.ஐ. போட்டு மூன்று வருடம், எரிச்சல் எல்லாம் ஒரே ஒரு ஒயர் மேல்

"பாயிண்ட்டையே வைத்துக்கொள்ளவா, பெர்ட்ரானிக்ஸ் போடவா, எச்.இ.ஐ.க்குப் போய்விடவா?" புதிதாக ஒரு செவெல் (செவர்லேயின் பழைய கார், 350 கன அங்குல என்ஜின்) வாங்கிய நண்பரின் கேள்வி. மூன்றும் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் வழிகள்: பாயிண்ட் என்பது திறந்து மூடும் பழைய ஸ்விட்ச், பெர்ட்ரானிக்ஸ் அதன் இடத்தில் உட்காரும் எலக்ட்ரானிக் மாட்யூல், எச்.இ.ஐ. என்பது காயிலையும் மூடிக்குள் வைத்த முழு எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர். பதில் சொல்வதற்கு முன் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: பொறிக்கான உயர் வோல்ட்டேஜைக் கிளப்பும் காயிலின் பாசிட்டிவ் முனைக்கு எத்தனை வோல்ட் வருகிறது? தெரியாது என்றார். யாருக்கும் தெரிவதில்லை. அதுதான் இந்த விஷயத்தில் பெரிய தலைவலி.

பாயிண்ட் இக்னிஷன் உள்ள செவர்லேக்களில் ஃபயர்வால் (என்ஜினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகடு) கனெக்டரிலிருந்து காயிலுக்கு வருவது சாதாரணச் செம்பு ஒயர் அல்ல. ரெசிஸ்டன்ஸ் ஒயர். மேலே துணிப்பின்னல் உறை, தொட்டால் மற்ற ஒயர்களைவிட விறைப்பாக இருக்கும். என்ஜின் ஓடும்போது காயிலுக்கு முழு வோல்ட்டேஜ் போனால் பாயிண்ட் முகம் சீக்கிரம் கருகிக் குழி விழும். அதற்காகத்தான் வேண்டுமென்றே தடையை ஒயருக்குள்ளேயே வைத்தார்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டர் சாலினாய்டின் ஆர் முனையிலிருந்து ஒரு மஞ்சள் ஒயர் தடையில்லாமல் கரண்ட் கொடுக்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடு, பாயிண்ட் இருக்கும்வரை.

எச்.இ.ஐ. வந்தபின் அதே ஒயர் சனியனாகிவிடுகிறது. எச்.இ.ஐ. 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடிய ஆசாமி. அவனுக்கு இந்த மெலிந்த குழாய் வழியாகத் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். ஐட்லிங் பட்டு மாதிரி இருக்கும். தெருமுனை வரை போய்வந்தால் "அடடா" என்று தோன்றும். ஹைவேயில் மிதித்து 3500 ஆர்.பி.எம். தாண்டியதும் மிஸ்ஸிங் அடிக்கும். உடனே எல்லோரும் கார்ப்பரேட்டரைத்தான் திட்டுவார்கள். ஜெட் மாற்றுவார்கள், ஃப்யூவல் பம்ப் மாற்றுவார்கள், பிளக் மாற்றுவார்கள். மல்டிமீட்டரை மட்டும் எடுக்க மாட்டார்கள்.

சோதனை இரண்டே நிமிடம். என்ஜின் ஓடட்டும். மீட்டரின் சிவப்பு முள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் பேட் என்று எழுதிய முனையில், கறுப்பு முள் என்ஜின் பிளாக்கில். அடுத்து அதே அளவை பேட்டரி முனைகளில். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் சரி. பேட்டரியில் 14, டிஸ்ட்ரிபியூட்டரில் 9, 10 என்று காட்டினால் பழைய ஒயர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதை வெட்டிக் குறைத்து ஒட்டுப்போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். தடை அந்த ஒயரின் நீளம் முழுக்கப் பரவியிருக்கிறது, மிச்சமிருக்கும் துண்டிலும் இருக்கும்.

கனெக்டரில் அந்த முனையைக் கழற்றி 12 கேஜ் செம்பு ஒயர் போடுவது ஒரு வழி. ஐம்பது வருட பிளாஸ்டிக் கனெக்டர், கிளிப்பை நெம்பும்போது உடைந்தால் அழுகை வரும். ரிலே போடுவது அதைவிட நிம்மதி: சாதாரண 30 ஆம்பியர் நான்கு முனை ரிலே. 30-ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 12 கேஜ் ஒயர். 87-லிருந்து நேராக எச்.இ.ஐ.யின் பேட் முனைக்கு. 85 எர்த். பழைய ரெசிஸ்டன்ஸ் ஒயரும் மஞ்சள் ஒயரும் சேர்ந்து வரும் முனையை 86-இல் செருகிவிடலாம். ரிலே காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான், அவ்வளவு சின்னக் கரண்ட்டுக்கு அந்த ஒயரில் கால் வோல்ட் சொச்சம்தான் விழும். ஒரிஜினல் ஹார்னஸில் ஒரு வெட்டு இல்லை. நாளைக்கே பாயிண்ட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றாலும் பத்து நிமிடம்.

நியாயமாகப் பேசினால், இதை யாரும் மறைக்கவில்லை. எச்.இ.ஐ. பெட்டிக்குள் வரும் தாளில் "முழு 12 வோல்ட் தேவை" என்று ஒரு வரி இருக்கும். ஒரே ஒரு வரி. அதற்கு மேலே மூடியின் நிறத்தையும் பளபளப்பையும் பற்றி அரைப்பக்கம்.

இனி நல்லது. வோல்ட்டேஜ் சரியானபின் எச்.இ.ஐ. பற்றிக் குறை சொல்ல நாக்கு கூசுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975-இல் தன் கார்கள் முழுக்க இதைப் பொருத்தியது சும்மா இல்லை. குளிர்கால அதிகாலையில் கார்ப்பரேட்டர் சோக் வைத்து அரைச் சுற்றில் பிடிக்கிறது. பிளக் கேப்பை (முனைகளின் இடைவெளி) 0.035 அங்குலத்திலிருந்து 0.045-க்குத் திறக்கலாம். பாயிண்ட்டில் ரப்பிங் பிளாக் தேயத் தேய கேப் குறையும், ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) ஏறும், டைமிங் மெதுவாகப் பின்வாங்கும். இங்கே அந்தத் தேய்மானமே கிடையாது. ஒரு முறை வைத்த டைமிங் வைத்தபடி நிற்கிறது.

ஆனால் குதிரைத்திறன் கூடும் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். 5000 ஆர்.பி.எம்.முக்குள் ஓடும் கம்பெனி 350-இல், ஒழுங்கான பாயிண்ட்டும் ஒழுங்கான கண்டென்சரும் கொடுக்கும் பொறியே போதும். எரிந்த பெட்ரோலை இன்னொரு தடவை எரிக்க முடியாது. மாற்றியபின் இழுவை கூடியதாகத் தெரிந்தால், பெரும்பாலும் காரணம் புது டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் வளைவு, அதாவது வேகம் கூடக் கூடப் பொறியை முன்னே நகர்த்தும் அளவு. பழையதில் வெயிட்டும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்து இறுகியிருக்கும், ஷாஃப்ட் புஷ்ஷில் ஆட்டம் இருக்கும். டைமிங் லைட் அடித்தால், என்ஜின் முன்னால் சுற்றும் பேலன்சர் சக்கரத்தின் கோடு நிற்காமல் இங்கும் அங்கும் ஆடும். அந்த ஆட்டத்தைச் சரிசெய்யாமல் உள்ளே எந்த எலக்ட்ரானிக்ஸ் போட்டாலும் கோடு ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

டைமிங்கை ஐட்லிங்கில் வைத்துவிட்டுக் கைகழுவாதீர்கள். வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, என்ஜினை 3000 ஆர்.பி.எம். வரை ரேஸ் பண்ணி, கோடு மேலே நகர்வது நிற்கும் இடத்தில் மொத்தம் 34 முதல் 36 டிகிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோட்டுக்கு எதிரே நிற்கும் எண் தகட்டில் (டைமிங் டேப்) அவ்வளவு தூரம் எண் இருக்காது. பேலன்சரின் விட்டம் 8 அங்குலம் என்றால் 36 டிகிரி என்பது விளிம்பில் 2.51 அங்குலம்; 6.75 அங்குலம் என்றால் 2.12. முன்னால் நின்று பார்க்கும்போது, பழைய கோட்டிலிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் அளந்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. அதற்கும் முன்னால், பேலன்சரின் வெளிவளையம் ரப்பரில் வழுக்கி நகர்ந்திருக்கிறதா என்று முதல் சிலிண்டர் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து சரிபார்த்துவிடுங்கள். கோடே பொய் என்றால் டைமிங் லைட் என்ன செய்யும்?

மாட்டும் வேலையில் படுத்துகிற இடம் இரண்டு. முதலாவது, டிஸ்ட்ரிபியூட்டர் கடைசிக் கால் அங்குலம் இறங்க மறுக்கும். அடியில் ஆயில் பம்ப் தண்டின் காடி நேராக வரவில்லை என்று பொருள். கிளாம்ப் போல்ட்டை முறுக்கி அமுக்கி இறக்கினால் செத்தீர்கள். நீளமான தட்டை ஸ்குரூ டிரைவரால் தண்டைக் கொஞ்சம் திருப்பினால் தானாக உட்காரும். இரண்டாவது, டைமிங்குக்காகத் திருப்பும்போது வேக்குவம் டப்பா போய் மேனிஃபோல்டில் இடித்து நிற்கும். வெளியே எடுத்து ஒரு பல் தள்ளி மாட்ட வேண்டும்; கியரில் 13 பல், ஆக ஒரு பல்லுக்குச் சுமார் 28 டிகிரி உடம்பு நகரும். ரோட்டர் (மூடிக்குள் சுற்றும் கை) எங்கே நின்றது என்று ஃபயர்வாலில் குறி போட்டுவைப்பது நல்லது, கியர் சாய்வுப்பல் என்பதால் தூக்கும்போதே ரோட்டர் திரும்பிவிடும்.

எச்.இ.ஐ. மூடியில் பழைய பிளக் ஒயர் உட்காராது, புது செட் கூடவே வாங்குங்கள். 1-8-4-3-6-5-7-2 வரிசையில் 5-உம் 7-உம் அடுத்தடுத்து வெடிக்கும், சிலிண்டரும் பக்கத்துப் பக்கத்தில். அந்த இரண்டு ஒயரையும் ஒட்டிக் கட்டினால் ஒன்றின் கரண்ட் மற்றதில் தூண்டி, 7 நேரத்துக்கு முன்பே பற்றும். இடையில் வேறொரு ஒயரை விட்டுக் கட்டுங்கள்.

பாதி விலைக்குக் கிடைக்கும் பளபள டிஸ்ட்ரிபியூட்டர்கள் பற்றி: பேர் வேண்டாம். இங்கே முதலில் வந்தது அந்த ரகம். வெயிலில் நாற்பது மைல் ஓடியதும் ஸ்விட்ச் போட்ட மாதிரி நிற்கும். இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். திறந்து பார்த்தால் மாட்யூலுக்கு (பாயிண்ட்டின் வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) அடியில் வெறும் உலோகம். வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் ஒரு பொட்டுகூடத் தடவவில்லை. நல்ல மாட்யூல், மெல்லிய பூச்சாகப் பேஸ்ட், அவ்வளவுதான், அதன்பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை. புதிதாக வாங்கினாலும் மாட்யூலின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் 1970 அப்படியே. ஆனால் சிவப்பு ஒயருக்கு ரெசிஸ்டன்ஸுக்கு முன்னாலிருந்து முழு 12 வோல்ட் வேண்டும் (மறுபடியும் அதே ஒயர்!), முதல் தலைமுறை மாட்யூலுக்கு காயில் தடை 1.5 ஓமுக்குக் குறையக் கூடாது, என்ஜின் ஓடாமல் சாவியை ஆன் நிலையில் விட்டுவிட்டு ரேடியோ கேட்கக் கூடாது. புஷ் ஆட்டம் இல்லாத டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் இதுவே போதும். எம்.எஸ்.டி. 6ஏ.எல். (தனிப் பெட்டியாக வரும் இக்னிஷன்) ரேஸ் ஓட்டுபவர்களுக்கு, தெருவில் ஓட்டுகிறவர்களுக்கு அது தேவைக்கு மிஞ்சின சாமான். அதைப் போட்டபின் சாவியைத் திருப்பினாலும் என்ஜின் அணையாமல் ஓடினால் பேய் இல்லை, சார்ஜிங் விளக்கின் வழியாகக் கரண்ட் திரும்பி வருகிறது. அந்த ஒயரில் ஒரு டயோடு போட்டால் அடங்கும். காயிலுக்குப் போகும் ஆரஞ்சு ஒயரில் டெஸ்ட் லைட் வைக்காதீர்கள், அதில் நூற்றுக்கணக்கில் வோல்ட்.

மதிப்பெண் கேட்டால் எச்.இ.ஐ.க்குப் பத்துக்கு ஒன்பது. அடுத்த செவெலுக்கும் இதையே போடுவீர்களா என்றால், மாட்டேன், பாயிண்ட். முரணாகத்தான் இருக்கிறது. நம்மூர் புல்லட்டில் சி.பி. பாயிண்ட் என்போமே, அதே சங்கதிதான். பாயிண்ட் உள்ள டெல்கோ (செவெலின் ஒரிஜினல்) டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு சின்ன ஜன்னல், அதைத் தூக்கி 1/8 அங்குல ஆலன் கீயை விட்டு, ஓடும் என்ஜினிலேயே மிஸ்ஸிங் வரும் வரை வலது பக்கம் திருப்பி, அரைச் சுற்றுப் பின்னால் கொண்டுவந்தால் ட்வெல் 30 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கார் செய்தவன் நம்மை நினைத்துச் செய்த ஜன்னல் அது. எச்.இ.ஐ.யின் பெருத்த மூடிக்கு அப்படி எதுவும் கிடையாது, மாட்யூல் போனால் போனதுதான். அதற்காகவே டேஷ்போர்டு பெட்டியில் ஒரு மாட்யூலும் ஒரு பேஸ்ட் டியூபும் நிரந்தரக் குடித்தனம்.

நண்பருக்கு: இப்போதைக்கு எதையும் ஆர்டர் போட வேண்டாம். ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, காயில் வோல்ட்டேஜை அளந்து எண்ணை அனுப்புங்கள்.