பெல்ட் தேர்வுக்கு ஏற்ற மாதம்: மேயா, ஆகஸ்டா, பிப்ரவரியா?

கோடை முகாம் முடிகிற மே மாதக் கடைசியிலேயே பெல்ட் தேர்வையும் வைத்துவிடுவது கராத்தே வகுப்பு நடத்துகிறவர்களுக்கு வசதியானது. பள்ளி இல்லை, நாள் முழுவதும் கையில் இருக்கிறது, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளருக்கும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் வேலூர் வெயிலுக்கு இந்த வசதியெல்லாம் தெரியாது. மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரம் 28 வரை நீள்கிறது. அந்நாள்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல.

கராத்தே வெறுங்காலில் செய்வது. எதிராளி இல்லாமல் தனியாக, வரிசை மாறாமல் செய்துகாட்டும் அசைவுத் தொகுப்புக்குக் கட்டா என்று பெயர். ஹெயான் ஷோடான் என்ற கட்டாவில் 21 அசைவுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை முன்காலை நன்றாக மடக்கி, பின்காலை நீட்டி, உள்ளங்கால் முழுவதும் தரையில் பதிய நிற்கும் நிலையில் முடிபவை. மொட்டை மாடியில் ஒன்பது மணிக்கே தரை சுடத் தொடங்கிவிட்டால், பிள்ளை அடியைச் சுருக்கி, குதிகாலைத் தூக்கி, எண்ணிக்கைக்கு முன்பே அடுத்த அசைவுக்கு ஓடிவிடுகிறது. தேர்வாளர் குறித்துக்கொள்வது பயிற்சியின் குறையையா, தரையின் சூட்டையா என்று சொல்வது கடினம். போதாததற்கு வைகாசி முதல் நாளில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருவதால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மே நடுவில் ஒரு வாரமாவது வகுப்புக்கு வரமாட்டார்கள்.

காலாண்டு விடுமுறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியின் காலாண்டுத் தேர்வுக்குப் படிப்பதற்காகப் பயிற்சியை நிறுத்திய பிள்ளைகளை, உடல் மறுபடி வளையும் முன்பே கொண்டுவந்து நிறுத்துவதாகிவிடும்.

ஆகவே உண்மையான போட்டி ஆகஸ்டுக்கும் பிப்ரவரிக்கும்தான். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து பெரிய இடைவெளியில்லாமல் இரண்டரை மாதப் பயிற்சி கிடைத்திருப்பது ஆகஸ்டின் பலம். தென்மேற்குப் பருவக்காற்றின் மழை இந்த மாவட்டத்தில் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் இடியோடு பெய்வது என்பதால், காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் தேர்வைப் பத்து மணிக்குள் முடித்துவிடலாம். மைதானம் ஈரமாக இருந்தால் ஒதுங்க ஒரு கூடத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆடிக் கிருத்திகையும் விநாயகர் சதுர்த்தியும் எந்தத் தேதியில் வருகின்றன என்று நாள்காட்டியைப் பார்த்த பிறகே ஞாயிற்றுக்கிழமையை உறுதி செய்வது நல்லது.

தட்பவெப்பத்தை மட்டும் பார்த்தால் பிப்ரவரியே மேல். மழை ஓய்ந்து, தரை காய்ந்து, வெயிலும் ஏறாத மாதம் அது. பொங்கல் முடிந்து மூன்று வாரமாவது பழகவும் முடியும். ஆனால் பிரவுன் பெல்ட், பிளாக் பெல்ட் நிலைக்கு வந்திருப்பவர்களில் கணிசமானோர் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருப்பார்கள். அடுத்த மாதமே பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு எந்த வீட்டிலும் அவர்களை அனுப்பமாட்டார்கள். ஆண்டுக்கு ஒரு பெல்ட் தேர்வுதான் என்றால் நான் ஆகஸ்டையே சொல்வேன். இரண்டு வைக்க முடிந்தால் பிப்ரவரியைத் தொடக்கநிலைப் பெல்ட்டுகளுக்கு ஒதுக்கலாம்.

தேதியே குறிக்காமல், யார் தயாரோ அவரை அன்றே சோதிக்கலாம் என்பவர்களும் உண்டு. கட்டாவுக்கு அது சரிப்படும். இருவர் நேருக்கு நேர் மோதும் குமித்தேவுக்கு ஒத்த நிலையில் எதிராளி வேண்டுமே. தேதியைப் பொதுவாகவும், பெயர்ப் பட்டியலை ஒவ்வொருவரின் தயார்நிலையைப் பார்த்தும் முடிவு செய்வதே நடைமுறைக்கு ஒத்தது. அந்தப் பட்டியலையும் இரண்டு வாரம் முன்பே பெற்றோரிடம் சொல்லிவிட்டால், பெயர் இல்லாத பிள்ளையின் அப்பாவைத் தேர்வு நாளன்று மைதானத்தில் வைத்துச் சமாதானம் செய்ய வேண்டியிராது.