சுருளி சாப்பிடாத ஐந்து மாதங்கள்: பால் பைத்தானோடு ஆறு வருடம்

சுருளி எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆண் பாம்பு, 'பால் பைத்தான்' (ball python) என்ற இனம். இங்கே 'பால்' என்றால் பந்து. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுவிடும், அதனால்தான் இந்தப் பெயர். நாங்கள் இருக்கும் கனடாவின் டொராண்டோவில் 3 மீட்டருக்கு மேல் வளரும் பாம்பு வகைகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இது பெரும்பாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது என்பதால் சிக்கல் இல்லை. இந்த ஆறு வருடத்தில் இரண்டு முறை நிஜமாகவே பயந்துபோனேன். ஒன்று, துண்டு துண்டாகப் பிய்ந்து வந்த சட்டை. இன்னொன்று, அவன் வாயே திறக்காத ஒரு குளிர்காலம்.

முதலில் சட்டை. வாங்கிய புதிதில் மேலே கம்பிவலை போட்ட கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தேன். ஜனவரியில் வெளியே பனி, உள்ளே ராத்திரி பகலாக ஹீட்டர். நம் உதடே வெடிக்கிற அளவுக்குக் காற்று காய்ந்துவிடும். தொட்டியில் ஒட்டியிருந்த முள் மீட்டர் ஈரப்பதம் 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்தது, நானும் நம்பினேன். ஒருநாள் பார்த்தால் கழுத்தில் பாதி, வால் நுனியில் ஒரு வளையம் என்று பழைய தோல் காய்ந்த வாழைச்சருகு போல ஒட்டிக்கொண்டிருந்தது. உரிந்து கிடந்த துண்டில் வலது கண்ணின் சவ்வு இருந்தது, இடது கண்ணுடையது இல்லை.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடிச் சவ்வும் சட்டையோடு சேர்ந்து கழன்று வர வேண்டும். தங்கிவிட்டால் அதை நகத்தாலோ இடுக்கியாலோ பிடுங்கவே கூடாது, கீழே இருக்கும் கண்ணே கெட்டுப்போகும். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் சொன்னதும் இதைத்தான்: ஈரத்தைச் சரிசெய், அடுத்த சட்டையோடு வந்துவிடும். உடம்பில் ஒட்டியிருந்ததற்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துண்டை ஒரு டப்பாவில் போட்டு அதற்குள் அவனை அரை மணி நேரம் விட்டேன். துணி மடிப்புகளுக்குள் நுழைந்து நுழைந்து அவனே தேய்த்துக்கொண்டான். வால் வளையத்தை மட்டும் ஈரத்துணியால் மெதுவாக உருவிவிட்டேன். அதை விட்டுவைத்தால் இறுகி, வால் நுனிக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும்.

அன்றே ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி உள்ளே வைத்தேன். 34 சதவீதம்! கம்பிவலையில் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடினேன். கீழே விரித்திருந்த காகிதத்தை எடுத்துவிட்டுத் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்பினேன். அதன் மூலைகளில் தண்ணீர் ஊற்றினால் அடிப்பக்கம் ஈரமாகவும் மேலே காய்ந்தும் இருக்கும், வயிற்றுச் செதில் புண்ணாகாது. ஈரமான ஸ்ஃபேக்னம் பாசி நிரப்பிய ஒரு மூடிய டப்பாவில் அவன் நுழைய ஓட்டை போட்டு வைத்தேன். இப்போது சாதாரண நாளில் 60 சதவீதம், சட்டை உரிக்கும் நேரத்தில் 70க்கு மேல். அடுத்த முறை முழுச் சட்டையும் கழற்றிப்போட்ட காலுறை போல உட்புறம் வெளியே திரும்பி ஒரே நீளமாகக் கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலது பக்கம் ஒரு சவ்வு, இடது பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு.

சட்டை உரிக்கப்போகிறான் என்பது முன்பே தெரிந்துவிடும். வயிறு இளஞ்சிவப்பாகும், உடம்பின் நிறம் மங்கும். கண்ணில் நீர் கலந்த பால் ஊற்றியது போல நீலம் படரும். சில நாளில் கண் தெளியும், உடனே உரிக்க மாட்டான், அதற்குப் பிறகும் சில நாள் ஆகும். இந்த நாட்களில் பார்வை மங்கிச் சட்டென்று மிரளுவான். நான் தூக்குவதும் இல்லை, எலி வைப்பதும் இல்லை. தண்ணீர் மட்டும் மாற்றுவேன்.

சரி, பட்டினிக்கு வருவோம். மூன்றாவது குளிர்காலம், நவம்பர் முதல் வாரம். வழக்கம்போல உறைந்த எலியை முந்தின இரவே ஃப்ரிட்ஜில் இளகவிட்டு, பையில் கட்டிச் சுடுதண்ணீரில் போட்டு, தலைப்பக்கம் 38 டிகிரிக்கு வந்ததும் இடுக்கியால் நீட்டினேன். மேலுதட்டில் வரிசையாக இருக்கும் குழிகளால் அவன் சூட்டை உணர்வான், அதனால் ஆறிப்போன எலியைச் சீண்டக்கூட மாட்டான். அன்று சூடான எலியையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும்.

நான் செய்த தப்பு, பதறியது. மூன்று நாளைக்கு ஒருமுறை எலி நீட்டினேன், எலிக்குப் பதில் சுண்டெலி வைத்தேன், மறைவிடங்களை இடம் மாற்றினேன், உடம்பு இளைத்ததா என்று அடிக்கடி தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அவனுக்குத் தொந்தரவுதான். திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில் முதலில் கேட்பதே "இன்னைக்காவது சாப்பிட்டானாப்பா?" என்றுதான். பாம்பு என்றாலே ஒதுங்கும் அம்மா அப்படிக் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். கோழையோ நுரையோ இல்லை, மூச்சில் சீட்டிச் சத்தம் இல்லை, எச்சத்தில் புழு இல்லை. வளர்ந்த ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது இந்த இனத்தின் இயல்பு, எடையைப் பார்த்துக்கொள் என்றார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சமையலறைத் தராசும் ஒரு நோட்டும். அக்டோபரில் 1,420 கிராம். ஜனவரியில் 1,371. மார்ச் கடைசியில் 1,338. ஐந்து மாதத்தில் குறைந்தது ஆறு சதவீதம்கூட இல்லை. பத்தைத் தொட்டால் உடனே மருத்துவரிடம் போவது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் குட்டிப் பாம்புக்கு இந்தக் கணக்கு செல்லாது, அது சில வாரம் சாப்பிடவில்லை என்றாலே காட்டிவிடுங்கள்.

மற்றபடி நான் பார்த்துக்கொண்டது சூடும் மறைவும்தான். சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26, இரண்டிலும் உடம்பு ஒட்டி உட்காருகிற அளவுக்கு இறுக்கமான மறைவிடம். மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கம், இவை எலி வளைகளிலும் கைவிடப்பட்ட கரையான் புற்றுகளிலும் வாழ்கின்றன. நம் ஊரில் பாம்பு என்றதும் புற்று நினைவுக்கு வருகிற மாதிரி இவனுக்கும் புற்றுதான் வீடு. விசாலமான அறை இவனுக்குச் சுகம் இல்லை. இன்னொன்று: வெப்பப் பாய்க்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கடையில் சொன்னார்கள். கேட்காதீர்கள். கட்டுப்பாடு இல்லாத பாய் வயிற்றைச் சுட்டுவிடும்.

ஏப்ரல் இரண்டாவது வாரம், மூன்று வார இடைவெளிக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு எலியை நீட்டினேன். மறைவிட வாசலில் மூக்கு மட்டும் தெரிந்தது. நாக்கு நிதானமாக நாலைந்து முறை வெளியே வந்தது. கழுத்து S போல மடிந்தது. அடுத்த நொடி இடுக்கியில் எலி இல்லை. இரவு பதினொரு மணி, அம்மாவுக்கு அங்கே காலை. கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் தூங்கினேன்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரை, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்கக் கூடாது. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு உயிர்களுக்கும் 2022 திருத்தத்துக்குப் பிறகு அரசிடம் பதிவு வேண்டும். அதையும் தாண்டி, ஆயுளை யோசியுங்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1961 முதல் இருந்த ஒரு பெண் பால் பைத்தான் 2020-ல் ஏழு முட்டை இட்டது. வீட்டிலேயே 20, 30 வருடம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நவம்பரில் சுருளி மறுபடியும் நிறுத்திவிட்டான், இது ஏழாவது வாரம். மறுத்த எலியைத் திரும்ப உறையவைக்காமல் குப்பையில் போட்டுவிடுகிறேன், அடுத்தது மூன்று வாரம் கழித்துத்தான். நேற்று தராசில் 1,566 கிராம். போன ஞாயிறைவிட நான்கு கிராம் குறைவு.