டுரியானா, நண்டா, மாவ் பாட்டியா?

கம்போடியாவின் தெற்கே, தூக் சூ ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் காம்போட். புனோம்பென்னிலிருந்து ஏறக்குறைய 150 கி.மீ. இந்த வட்டாரத்துக்காரர்களுக்குச் சிலை வைப்பதில் தனி ஆசை. ஒரு ரவுண்டானாவில் உப்பளத் தொழிலாளர்கள் நிற்பார்கள், பக்கத்துக் கடலோர ஊரான கெப் போகிற வழியில் ஒரு வெள்ளைக் குதிரை நிற்கும். ஆனாலும் ஊர் சுற்ற வருகிறவர்களின் போனில் ஏறுவது மூன்றுதான்: காம்போட் நடுவே டுரியான் (நாற்றத்துக்குப் பேர்போன முள்பழம்), 25 கி.மீ. தள்ளி கெப் கடலில் நண்டு, போகோர் மலைமேல் மாவ் பாட்டி என்கிற காவல் தெய்வம். மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பினால், மூன்றும் அரைகுறையாகத்தான் முடியும்.

டுரியானை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தேடிப் போகவே வேண்டாம். ஊருக்குள் எங்கே நடந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்போம். ரவுண்டானா நடுவில் ராட்சசப் பழம், அதன் காலடியில் மற்ற பழங்கள். சிமெண்டு முள்ளைத் தவிர ரசிக்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றிலும் பைக்குகள் ஓயாமல் போவதால் கிட்டே போய் நிற்பதும் சிரமம். ஐந்து நிமிட வேலை. அழகு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அங்கிருந்து ஆறு நடக்கிற தூரம்தான். பழைய பாலத்தைப் பாருங்கள். போர்க்காலத்தில் உடைந்ததைப் பிறகு கிடைத்தபடி ஒட்டுப்போட்டதில், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் நாட்டுக்கே துறைமுகமாக இருந்த ஊர் இது. சிஹானூக்வில்லில் ஆழ்கடல் துறைமுகம் வந்த பிறகு கப்பல்கள் அங்கே போய்விட்டன, இங்கே பிரெஞ்சுக்காலக் கடைவீதிகள் மட்டும் மிச்சம். சாயங்காலம் படகில் ஏறினால் இருட்டிய பிறகு கரையோர மரங்களில் மின்மினி பார்க்கலாம். டுரியானுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இந்த ஆற்றுக்குப் போக வேண்டியது.

கெப் நண்டு விஷயமே வேறு. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு நடுவே கொடுக்கைத் தூக்கிக்கொண்டு இருக்கிறது. தொட முடியாது, ஏறிப் படம் எடுக்க முடியாது, அதனாலேயே சுத்தமாக இருக்கிறது. அதே கடற்கரைப் பக்கம் கணவன் கடலிலிருந்து வருவான் என்று காத்திருக்கும் பெண்ணின் சிலையும் உண்டு. பாவம், நண்டு பக்கத்தில் இருப்பதால் அவளை யாரும் கண்டுகொள்வதில்லை.

நண்டுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவதற்குக் காரணம் சிலை அல்ல, சந்தை. டுரியானைப் பார்த்துவிட்டு டுரியான் தின்ன வேண்டுமென்றால் சீசன் வர வேண்டும், மே, ஜூன் வாக்கில். வாங்கினாலும் நாற்றத்தால் விடுதி அறைக்குக் கொண்டுபோக முடியாது, பழத்தின் படத்தில் குறுக்கே கோடு போட்டு வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள். நண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. சந்தைக்குப் போனால் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூங்கில் கூடைகளைக் கரைக்கு இழுக்கிறார்கள். உள்ளே நீலக்கால் நண்டு, உயிரோடு. நாம் கையைக் காட்டியதை எடுத்து எடை போட்டு, பக்கத்து அடுப்பில் கொடுத்தால் பச்சை மிளகுக் கொத்தோடு வதக்கித் தருவார்கள். மிளகைக் கொத்தோடு வாயில் போட்டு உருவ வேண்டும். பச்சையாக இருப்பதால் காரம் சட்டென்று ஏறாது, கடித்த பிறகு மெதுவாக வரும். அந்த மிளகு காம்போட் மிளகு. எழுபதுகளில் போல் பாட்டின் கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்தில் தோட்டங்கள் பாழாகி, அப்புறம் மெல்ல மீண்டு, 2010-ல் உள்நாட்டிலும் 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீடு வாங்கியது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, திரும்புகிற வழியில் நண்டுச் சிலையைப் பார்த்தால் கொஞ்சம் குற்றவுணர்ச்சி வரும், அவ்வளவுதான்.

மாவ் பாட்டிக்கு வருவோம். உயரத்தில் மற்ற இரண்டும் அவள் பக்கத்தில் நிற்க முடியாது: 29 மீட்டர், உட்கார்ந்த கோலத்தில். 2012-ல் கட்டியது, ஆகவே மூன்றில் எனக்கு வயது தெரிந்த ஒரே சிலை. மலை 1,000 மீட்டருக்கு மேல், அடிவாரத்திலிருந்து முப்பது கி.மீ.க்கு மேல் வளைந்து ஏறும் பாதை. வாடகை ஸ்கூட்டரில் போகிறவர்கள் கிளம்பும் முன் பிரேக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே மூடுபனி இறங்கினால் 29 மீட்டர் பாட்டியே காணாமல் போய்விடுவாள், எதற்கு வந்தோம் என்று ஆகிவிடும்.

இருந்தாலும் மூன்றில் இவள் ஒருத்தியைத்தான் மக்கள் கும்பிடுகிறார்கள். வழிப்போக்கர்களுக்கும் மீனவர்களுக்கும் காவல் தெய்வம், நம்மூர் எல்லைச்சாமி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை ஊருக்கு ஊர் மாறும், ஆனால் பெரும்பாலும் அதில் ஒரு கணவன் இருப்பான், அவன் திரும்பியிருக்க மாட்டான். நான்காம் எண் நெடுஞ்சாலையில் பிச் நில் கணவாயில் அவளுக்கு இன்னொரு கோயில் இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தி வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள், மரத்தில் செதுக்கிய ஆண்குறியும் காணிக்கையாக வைப்பது வழக்கம். டுரியானுக்கு யாரும் ஊதுபத்தி ஏற்றி நான் பார்த்ததில்லை.

சரி, ஒரே நாள்தான் கையில் இருக்கிறதென்றால் என் ஓட்டு நண்டுக்கு. இரண்டு நாள் இருந்தால், வானம் தெளிவாக இருக்கும் காலையைப் பாட்டிக்குக் கொடுங்கள். மலையில் பாதி வழியிலேயே மேகம் மூடிவிட்டால் பிடிவாதம் வேண்டாம், இறங்கி கெப்புக்கே போய்விடலாம். டுரியானுக்கென்று நேரம் ஒதுக்காதீர்கள். ராத்திரி படகிலிருந்து இறங்கி அறைக்கு நடக்கும்போது அதுவாகவே எதிரில் வரும்.