சைலன்சர் தகடு கடகடக்கிறதா? கிளிப், வாஷர், வெல்டிங், கழட்டிப் போடுவது: எது தேறும்?

ஏசி போட்டுச் சிக்னலில் நிற்கும்போது காருக்கு அடியிலிருந்து 'ஜிர்ர்ர்' என்று ஒரு தகரச் சத்தம். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் நின்றுவிடும். மூன்றாவது கியரில் ஏதோ ஒரு வேகம் வந்ததும் மறுபடி தலைகாட்டும். சில கார்களில் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வரும்; சிலவற்றில் நன்றாகச் சூடேறிய பிறகுதான் ஆரம்பிக்கும். கேட்பவருக்கு என்ஜினே கழன்று விழப்போவது போலத் தோன்றும். பெரும்பாலும் ஆடுவது, சைலன்சர் குழாயின் சூட்டை மறைக்க வைத்திருக்கும் ஹீட் ஷீல்டு என்ற மெல்லிய தகடுதான்.

இதை எடுத்துக்கொண்டு நாலு இடம் போனால் நாலு வைத்தியம் சொல்வார்கள். "கழட்டிப் போட்டுடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்பார் ஒருவர். இன்னொருவர் கட்டுக்கம்பியைச் சுற்றி அனுப்புவார். மூன்றாமவர் வெல்டிங் பட்டறைக்குக் கை காட்டுவார். சர்வீஸ் சென்டரில் புதுப் பாகத்துக்கு எஸ்டிமேட் நீட்டுவார்கள். என் ஓட்டு இந்த நான்கில் எதற்கும் இல்லை. குழாயைக் கவ்வியிருக்கும் தகடு என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளிப். காரின் தரையில் போல்ட் போட்டு மாட்டிய தகடு என்றால் அகலமான வாஷர். மற்றவை எல்லாம் இந்த இரண்டும் முடியாதபோதுதான்.

முதலில் தகடு ஏன் ஆடுகிறது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதி வைத்தியங்கள் தோற்பது இங்கேதான். போல்ட் தளர்ந்துவிட்டது, முறுக்கினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். போய்ப் பார்த்தால் போல்ட் துருப்பிடித்து இறுகிப்போய் அசையாமல் இருக்கும். போனது தகட்டில் உள்ள ஓட்டை. தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. வருடக்கணக்கில் சூடாகி, குளிர்ந்து, மழைநீரில் நனைந்து, அதிர்ந்து அதிர்ந்து, ஓட்டையைச் சுற்றியுள்ள விளிம்பு அரித்து விரிந்துவிடும். அலுமினியத் தகட்டை இரும்பு போல்ட் பிடித்திருந்தால், ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு வேறு. கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். கடைசியில் போல்ட்டின் தலையைவிட ஓட்டை பெரிதாகித் தகடு தொங்க ஆரம்பிக்கும். அதை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்க அங்கே எதுவும் இல்லை.

வேகத்தடையில் உரசித் தகடு நசுங்கிக் குழாயைத் தொட்டுக்கொண்டிருப்பது இன்னொரு காரணம். இதற்குச் செலவே கிடையாது: ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி இடைவெளி விட்டால் போதும். காசு கொடுத்து எதையும் செய்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

எந்தத் தகடு என்று கண்டுபிடிப்பது சுலபம். கார் முழுக்கக் குளிர்ந்த பிறகு, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்தோ பட்டறை லிஃப்டில் ஏற்றியோ, கை முட்டியால் ஒவ்வொரு தகடாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துரு நேராகக் கண்ணில்தான் விழும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தட்டும்போது உள்ளே கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் கேட்டால் விஷயம் வேறு. உள்ளே உள்ள பீங்கான் தேன்கூடு உடைந்திருக்கிறது. வெளியே எத்தனை கிளிப் போட்டாலும் அது அடங்காது.

சரி, இனி ஒவ்வொன்றாக.

கழட்டிப் போடுவது

செலவு பூஜ்யம், சத்தமும் உறுதியாக நிற்கும். அதனால்தான் இது இவ்வளவு பிரபலம். "அந்தத் தகடு இல்லாமலே நாலு வருஷமா ஓட்டுறேன்" என்று சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எந்தத் தகட்டைக் கழட்டினார் என்று கேட்க வேண்டும்.

ஓடும் காரின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருக்கும். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் 600 டிகிரியைத் தொடும். இதற்குச் சில அங்குலம் தள்ளி என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். இன்று பல கார்களில் பெட்ரோல் டேங்க் பிளாஸ்டிக். அந்தப் பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரியில் உருகும். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், ஆக்சிஜன் சென்சாரின் வயர், ஆக்சில் முனையின் ரப்பர் பூட் எல்லாம் அங்கேதான். தரைக்கு மேலே நம் கால் படும் கார்பெட்.

தகடு இதையெல்லாம் காப்பது தன் கனத்தால் அல்ல. பளபளப்பான பரப்பு சூட்டைத் திருப்பி அனுப்புகிறது. தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஓடும் காற்று மிச்சத்தைக் கொண்டுபோகிறது. இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கிளிப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கன்வெர்ட்டருக்குக் கீழே, ரோட்டைப் பார்த்தபடி இருக்கும் தகடு வேறு ஒரு வேலை செய்கிறது. காய்ந்த புல்லின் மேல் காரை நிறுத்தினால் சூடான உலோகம் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். நம் ஊரில் இதற்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமும் கர்நாடக எல்லையிலும் அறுத்த கொள்ளுச் செடியை வண்டிச் சக்கரம் அடித்துக் கொடுக்கட்டும் என்று தார்ச்சாலையில் பரப்பி வைப்பார்கள். அந்தக் கொடி அடியில் சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் பற்றி, கார் எரிந்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. தகடு இருந்தாலும் கொடி சிக்கத்தான் செய்யும், அதனால் அந்தச் சாலையில் சுற்றிப் போவதே நல்லது. ஆனால் தகடும் இல்லாமல் அதன் மேல் ஏற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது.

பின்பக்கக் குழாயின் நடுவில், பக்கத்தில் எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு சிறு தகடு முழுக்க இற்றுப்போய்த் தொங்கினால், அது ரோட்டில் விழுவதற்குள் கழட்டிவிடலாம். கன்வெர்ட்டர், டேங்க், எரிபொருள் குழாய் இவற்றை ஒட்டிய தகட்டைக் கழட்டச் சொல்லும் மெக்கானிக்கை மாற்றிவிடுவது மேல்.

கிளிப்பா, வெல்டிங்கா?

உண்மையான போட்டி இங்கேதான். குழாயையோ கன்வெர்ட்டரையோ இரண்டு பாதி ஓடாகக் கவ்வியிருக்கும் தகடு பற்றவைப்பு விட்டு ஆடும்போது, "விட்டதை மறுபடி பற்றவைப்போம்" என்று தோன்றுவது இயல்பு. பட்டறையில் சில நூறு ரூபாயில் முடியும் வேலை. பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அது கம்பெனியில் பற்றவைத்த இடத்திலேயே விட்டிருக்கிறது. குழாயும் தகடும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை, ஒரே அளவு விரிவதும் இல்லை. இழுபறி முழுவதும் அந்தப் புள்ளியில் விழுந்து, பற்றுக்குப் பக்கத்திலேயே விரிசல் ஆரம்பிக்கிறது. புதிதாக வைக்கும் பற்றுக்கும் அதே விதிதான், அதுவும் இப்போது துருவில் மெலிந்த தகட்டில். சாதாரண ஆர்க் வெல்டிங்கில் குச்சியை வைத்ததுமே தகடு ஓட்டையாகிவிடும். கை தேர்ந்தவர், கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங்கில் செய்தால் நிற்க வாய்ப்பு உண்டு. அலுமினியத் தகடு என்றால் இரும்புக் குழாயோடு இப்படிப் பற்றவைக்கவே முடியாது. இதற்கு நடுவில் பேட்டரி நெகட்டிவைக் கழட்டினார்களா, சென்சார் இணைப்பைப் பிடுங்கினார்களா, பொறி டேங்க் பக்கம் போகிறதா என்று பக்கத்தில் நின்று கவனிக்கும் வேலையும் நம் தலையில்.

ஹோஸ் கிளிப் என்பது ரேடியேட்டர் குழாயில் போடும் அதே திருகு வளையம். தகட்டைச் சுற்றி மாட்டி, தகடும் குழாயும் ஒன்றையொன்று பிடிக்கும் இடத்தில் முறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும். கன்வெர்ட்டர் போன்ற பெரிய சுற்றளவுக்கு ஒரு கிளிப் எட்டாது. இரண்டு மூன்றைத் திறந்து, ஒன்றின் நாக்கை இன்னொன்றின் திருகில் கோத்து நீளமாக்கிக்கொள்ளலாம். பற்றவைப்பைவிட இது ஏன் நீடிக்கிறது என்றால், இது ஒரு புள்ளியில் பிடிப்பதில்லை. சுற்றளவு முழுவதும் பிடிக்கிறது, விரிந்து சுருங்கும்போது தகடு கொஞ்சம் நழுவ இடம் கொடுக்கிறது. நாளைக்குக் கன்வெர்ட்டரைக் கழட்ட வேண்டிவந்தால் ஸ்க்ரூ டிரைவரால் எடுத்துவிடலாம், கிரைண்டர் தேவையில்லை.

வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். மலிவான கிளிப்பில் பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு மட்டும் துத்தநாகம் பூசிய இரும்பு என்று இருக்கும். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், அதன் பின் திருகு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நல்ல தயாரிப்புகளில் டபிள்யூ4 என்று பொறித்திருக்கும். முழுக்க ஸ்டெயின்லெஸ் என்று பொருள். எதுவும் பொறிக்காத கிளிப் என்றால் திருகின் மேல் காந்தம் வைத்துப் பாருங்கள். சட்டென்று இழுத்தால் அது நமக்கு வேண்டாம். சாத்தியமானவரை பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலப் பட்டை எடுப்பது நல்லது; குறுகலானது பழைய தகட்டை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

மாட்டும்போது செய்யும் தவறு ஒன்றுதான்: அளவுக்கு மீறி முறுக்குவது. சத்தம் நிற்கும் அளவுக்கு மேல் ஒரு சுற்றுக்கூட வேண்டாம். தகடு நசுங்கிக் குழாயோடு ஒட்டிவிட்டால், முன்னே சொன்ன காற்று இடைவெளி போய்விடுகிறது. சத்தமும் இருக்காது, காப்பும் இருக்காது. திருகின் தலை ரோட்டைப் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கட்டும், இல்லையென்றால் அடுத்த வேகத்தடை அதைப் பிடுங்கிக்கொண்டு போகும். சில நாள் ஓட்டிய பிறகு, குளிர்ந்த நிலையில், இன்னொரு முறை முறுக்கிவிட வேண்டும்.

கிளிப் தோற்கும் இடங்களும் உண்டு. என்ஜினிலிருந்து புகை வெளியே வரும் மேனிஃபோல்டு பக்கம் பல கார்களில் கையே நுழையாது. தகட்டைத் தாங்கும் பிராக்கெட்டே குழாயிலிருந்து ஒடிந்திருந்தால் கிளிப்புக்குப் பிடிமானம் கிடைக்காது. அங்கே வெல்டிங்தான், வேறு வழியில்லை.

தரைத்தகட்டுக்கு வாஷர்

டேங்குக்கும் தரைக்கும் காவலாக இருக்கும் பெரிய அலுமினியத் தகடுகளைச் சுற்றி வளையம் போட முடியாது. இங்கே பிரச்சினை ஓட்டை விரிந்தது மட்டுமே, எனவே ஓட்டையை மூடும் அளவுக்கு வாஷர் போட்டால் வேலை முடிந்தது. பெரும்பாலான கார்களில் இது எம்6 போல்ட், பத்தாம் நம்பர் ஸ்பேனர். உள் ஓட்டை 6 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 25 அல்லது 30 இருக்கும் அகல வாஷர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும், விலை சில ரூபாய்தான்.

கஷ்டமான பகுதி பழைய போல்ட்டைக் கழட்டுவது. துரு விடும் எண்ணெயை முந்தின நாள் இரவே அடித்து ஊறவிட்டு, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுக்க வேண்டும். வேகம் காட்டினால் தலை ஒடிந்து, தண்டு தரையிலேயே நின்றுவிடும். அப்படி ஒடிந்தால் பக்கத்தில் புது ஓட்டை போடலாம் என்று டிரில்லை எடுக்காதீர்கள். தரைக்கு மேல் வயரிங் ஓடுகிறதா என்று கீழிருந்து தெரியாது.

மாட்டும்போது நட்டு வகையைப் பாருங்கள். உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட்டு 120 டிகிரிக்கு மேல் தாக்குப்பிடிக்காது, சைலன்சர் பக்கம் அது வெறும் நட்டுதான். ஸ்பிரிங் வாஷரோ முழு உலோக லாக் நட்டோ போதும். மரையில் கொஞ்சம் செம்பு கிரீஸ் தடவினால் அடுத்த முறை கழட்டுபவர் வாழ்த்துவார்.

மற்றவை

கட்டுக்கம்பி வழியில் ஆபத்துக்கு உதவும். நெடுஞ்சாலையில் தகடு ரோட்டில் உரசினால் அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. ஆனால் துருப்பிடித்து அறுந்துவிடும், ஊர் வந்ததும் மாற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் கேபிள் டை முதல் பயணத்திலேயே உருகும். ஸ்டெயின்லெஸ் டை நிற்கும், ஆனால் தளர்ந்தால் மறுபடி இறுக்க முடியாது என்பதால் கிளிப்புக்கு அடுத்த இடம்தான். சிலிகான் சீலண்ட், எபாக்சி பசை இவற்றைக் கன்வெர்ட்டர் சூட்டில் நம்ப வேண்டாம். குழாயைச் சுற்றும் கண்ணாடி இழைத் துணி பந்தயக் கார்களுக்குப் பொருந்தும். மழைத்தண்ணீரில் நாம் ஓட்டும் காரில் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயையே அரிக்கும்.

புதுத் தகடு வாங்குவது தரைத்தகட்டுக்கு நியாயமான செலவு, அது தனிப் பாகமாகக் கிடைக்கும் கார்களில். பழையது பாதி இற்றுப்போயிருந்தால் வாஷரோடு போராடாமல் அதையே போட்டுவிடலாம். கன்வெர்ட்டரின் மேல் பற்றவைத்து வரும் தகடு பல கார்களில் தனியாக விற்பனைக்கே இல்லை. கன்வெர்ட்டரோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும், அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் விலை பல்லாயிரங்களில் போகும். ஒரு தகரச் சத்தத்துக்காக அந்த எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். கார் இன்னும் வாரண்டியில் இருந்தால் மட்டும் கிளிப், வாஷர் எதையும் தொடாமல் முதலில் சர்வீஸ் சென்டரிலேயே காட்டி, புகாரை ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.