ஹூஸ்டன் வீட்டுத் தோட்டத்துக்கு எது: குவீன் பாமா, சபால் பாமா?

ஹூஸ்டன் குளிருக்குத் தென்னை நிற்காது. அதனால் நம்மவர்கள் நர்சரிக்குப் போனால் கண் முதலில் போவது குவீன் பாம் (queen palm) என்ற பனைக்குடும்ப மரத்தின் மேல்தான். தென்னை போலவே கீற்றுள்ள நீள மட்டை, மளமளவென்று வளர்ச்சி. பிரேசில் பக்கத்து மரம். சபால் பாம் இந்த டெக்சஸ் மண்ணுக்கே உரியது. தெற்கே ரியோ கிராண்டே ஆற்றோரம் தானாக வளர்வது. ஓலை நம் பனையோலை மாதிரி விசிறியாக இருக்கும். கன்றாக வைத்தால் அடிமரம் எழும்பவே பல வருஷம் ஆகும். அழகுக்கு என் ஓட்டு குவீனுக்குத்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் வைத்தது சபால்.

காரணம் குளிர். 2021 பிப்ரவரியில் இங்கே விமான நிலையத்தில் 13 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கியது. குவீனுக்கு 25-க்குக் கீழே போனாலே ஓலை கருகும், 20-க்குக் கீழே உயிருக்கே ஆபத்து. அந்த வாரம் ஊர் முழுக்கக் குவீன் மரங்கள் பட்டுப்போயின. சபால்களில் பெரும்பாலானவை தப்பின.

ஓலை கருகுவது பெரிய விஷயமில்லை, புது ஓலை வரும். குருத்துதான் எல்லாம். இந்த மரங்களுக்கு உச்சியில் இருப்பது ஒரே குருத்து. அது செத்தால் மாமரம் போலப் பக்கத்தில் துளிர்த்துப் பிழைக்க வழியில்லை. குளிர் விட்டதும் நடுக்குருத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து, அடிப்பக்கம் பழுப்பாகக் குழைந்து நாறினால் உள்ளே அழுகல் இறங்கிவிட்டது. அப்போதும் உடனே வெட்டிவிட வேண்டாம். தாமிரப் பூஞ்சைக்கொல்லியைக் குருத்துக்குழியில் ஊற்றிவிட்டுக் கோடை வரை பொறுத்துப் பார்க்கலாம், சில மரங்கள் மீளும். ஆனால் அடிமரத்தில் பட்ட காயம் ஆறாது. திரும்பத் துளிர்த்த மரம்கூட அந்த இடத்தில் உளுத்துப் பின்னால் சாயலாம். கூரையை ஒட்டி நிற்கும் மரம் என்றால் இது சின்னக் கவலை இல்லை.

விண்ட்மில் பாமும் நல்ல குளிர் தாங்கி. நான் வளர்த்ததில்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே குவீன் வைத்திருப்பவர்கள் பொட்டாஷும் மாங்கனீசும் உள்ள பாம் உரத்தை மரம் வளரும் சீசனில் தவறாமல் போடுங்கள்; சத்துக் குறைந்த மரத்தைத்தான் குளிர் முதலில் தாக்கும். அப்புறம், குளிர் முழுசாகப் போகும்வரை பச்சை மட்டை எதையும் கழிக்காதீர்கள்.