கோபத்தை வடிகட்டித் தரும் பல்கேரிய மொழிபெயர்ப்பாளர்

கரோல் பாக் நண்பர் ஒருவர் லாவண்டர் எண்ணெய் இறக்குமதியில் இறங்கப் போகிறாராம். “உங்க பல்கேரியா ஆளு எப்படி சார்? நம்பர் தர்றீங்களா?” என்று கேட்டார். சில சீசனாக அந்த மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் பல்கேரியாவின் கசான்லக் ஊர் வடிசாலையில் ரோஜா எண்ணெய் வாங்குகிறேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

டெல்லியில் ரஷ்யன் தெரிந்தவர்கள் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். பல்கேரியன் வேண்டும் என்றாலும் ஏஜென்சிகள் அவர்களையே அனுப்பிவைக்கும். எழுத்து ஒன்றுதானே என்று சமாதானம் வேறு. எழுத்து இரண்டுக்கும் சிரிலிக்தான், மொழி அப்படியில்லை. ரஷ்யனில் பெயர்ச்சொல்லுக்கு ஆறு வேற்றுமை. பல்கேரியனில் அது ஏறக்குறைய உதிர்ந்தே போயிற்று. நம்ம ஆள் டெல்லி பல்கலைக்கழகத்தின் ஸ்லாவிய மொழித் துறையில் முறையாகப் பல்கேரியன் படித்தவர். ஆள் தேடுகிறவர்கள் ஏஜென்சிக்கு அலைவதைவிட அங்கே போய் விசாரிக்கலாம்.

பேப்பர் வேலையில் மனிதரை அடித்துக்கொள்ள முடியாது. ஒரு தடவை இன்வாய்ஸில் ‘1,250 கிலோ’ என்று இருந்தது. அங்கெல்லாம் தசமப் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் கமா போடுவார்கள். இவர் அதை ஒன்றேகால் கிலோ என்று எழுத்தாலும் எழுதி, ஓரத்தில் குறிப்பும் வைத்தார். ஒரு கிலோ எண்ணெய் எடுக்கவே 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும் என்பது நமக்குத் தெரியும், கஸ்டம்ஸ் கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியுமா? 2026 ஜனவரி 1 அன்று பல்கேரிய நாணயமான லெவ் போய் யூரோ வந்தது. பழைய ஒப்பந்தத்தில் லெவில் இருந்த தொகைகளுக்கு, ஒரு யூரோவுக்கு 1.95583 லெவ் என்ற விகிதத்தைச் சேர்க்கச் சொன்னதும் இவர்தான்.

போனில்தான் தகராறு. சரக்கு தாமதம் என்று இந்த வாரம் எனக்கு ரத்தம் கொதித்தது. “இனிமேல் துருக்கியில் இஸ்பார்ட்டா பக்கம் போய் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்” என்றேன். இவர் ஏதோ குழைவாகப் பேசினார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்! என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், “ஆப் கீ தக்லீஃப் பதா தீ, சர்.” உங்கள் கஷ்டத்தைச் சொல்லிவிட்டேன் என்கிறார். தக்லீஃபாம். நான் என்ன பல் வலியிலா இருந்தேன்?

அறுவடைக் காலத்தில் அவர்களுக்கும் நெருக்கடிதான், மறுக்கவில்லை. வெயில் ஏறினால் பூவில் எண்ணெய் குறைந்துவிடும், அதனால் விடியும்போதே தோட்டத்தில் நிற்பார்கள். போன சீசனில் எல்லோருக்கும் கையை விரித்தபோது எங்களுக்கு மட்டும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள் என்றால், அதற்கும் இந்தக் குழைவுதான் காரணமாக இருக்கும். இருக்கட்டும். காசு கொடுப்பவன் ஒரு வார்த்தை திட்டச் சொன்னால் திட்ட வேண்டாமா?

பேப்பருக்கு டெல்லியில் இவரைவிட நல்ல ஆளை நான் பார்க்கவில்லை. ஆனாலும் இந்த வாரம் சிபாரிசு செய்ய மாட்டேன். நண்பர் அடுத்த வாரம் கேட்கட்டும், நம்பர் தருகிறேன்.